மாளிகையைக் கூறு போடுவது எப்படி?

இங்கிலாந்தின் வீட்டு விற்பனை விளம்பரங்களில் ஒரு வகைப் படம் அடிக்கடி வரும். அகன்ற புல்வெளி, அதன் முடிவில் தூண் வைத்த ஒரு கல் மாளிகை, கீழே "இரண்டு படுக்கையறை ஃபிளாட் விற்பனைக்கு" என்று ஒரு வரி. இதைப் பார்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கட்சி. "நூறு அறை இருக்கிறது, ஆங்காங்கே சுவர் வைத்தால் வேலை முடிந்தது" என்பார்கள் சிலர். "வெளியே மட்டும்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுக் கான்கிரீட்" என்பார்கள் வேறு சிலர். மீதிப் பேர், "பரம்பரைச் சொத்தைக் கூறு போட்டு விற்கிறார்களே" என்று வருத்தப்படுவார்கள்.

எங்காவது ஒரு மாளிகையில் இந்த மூன்றும் நடந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நன்றாகச் செய்த ஒரு பிரிப்பை இந்த மூன்றில் எதுவும் விளக்காது. பழைய மாளிகைக்குள் ஏற்கெனவே பிரிவுகள் இருக்கின்றன. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்களே போட்டுவைத்தவை. அவற்றைக் கண்டுபிடித்து அவற்றின் வழியே பிரித்தால் வீடு பிழைக்கும். அவற்றுக்கு எதிராக வெட்டினால் கட்டடமும் கெடும், அதில் குடியிருப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது. அந்தப் பிரிவுகள் எங்கே இருக்கின்றன, ஏன் இருக்கின்றன என்று முதலிலிருந்து பார்ப்போம்.

அது வெறும் பெரிய வீடு அல்ல

ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், அதைக் குத்தகைக்கு உழும் விவசாயிகள், காடு, சில இடங்களில் சுரங்கம், இவ்வளவும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் அது எஸ்டேட். அந்த எஸ்டேட்டின் தலைமையிடம்தான் கன்ட்ரி ஹவுஸ். குடும்பம் குடியிருந்த இடமும், கணக்கு வழக்கு பார்த்த இடமும், விருந்து வைத்து அரசியல் பேசிய இடமும் அதுவே. அமைச்சர் வருவார், பிஷப் வருவார், யோகம் இருந்தால் அரசரே வந்து தங்குவார். வருகிறவர் வாசலில் இறங்கும்போதே இந்தக் குடும்பத்தின் செல்வாக்கு அவருக்குப் புரிந்துவிட வேண்டும். கட்டடத்தின் வேலையில் பாதி அதுதான்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து முதல் உலகப்போர் வரை இத்தகைய மாளிகைகளைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள், பாணிகள் மாறின. நமக்கு இங்கே அதிகம் வேண்டியது 18ஆம் நூற்றாண்டின் பல்லாடியன் பாணி. ஆந்திரேயா பல்லாடியோ என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரின் வழியில் வந்தது. நடுவில் ஒரு பெரிய கட்டடம், இரு பக்கமும் சமச்சீராகச் சின்னக் கட்டடங்கள், அவற்றை நடுக்கட்டடத்தோடு சேர்க்கும் இணைப்புகள். இந்தச் சின்னப் பக்கக் கட்டடங்களுக்குப் பெவிலியன் என்று பெயர்.

உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் முன்வாசல் வழியே வருவார்கள். பன்னீரும் சந்தனமும் அங்கே இருக்கும். காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் பின்வாசல் வழியே போகும். சமையல்கட்டு பின்னால் தள்ளி இருக்கும், அங்கிருந்து பந்திக்கூடத்துக்குத் தனி வழி. ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்தாலும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடுப்புப் புகை தெரியாது. பார்வைக்கு ஒரு பாதி, வேலைக்கு ஒரு பாதி; இரண்டுக்கும் ஒரே கூரை. இங்கிலாந்து மாளிகையின் அடிப்படையும் இதுதான். நம் மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் நடப்பது அங்கே வருஷம் முழுக்க நடந்தது.

சரி, அப்படி ஒரு மண்டபத்தை ஆறு வீடாக்கித் தரச் சொன்னால் எங்கே சுவர் வைப்பீர்கள்? மேடைக்கு நடுவிலா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

முன்படி, பின்படி

பழைய காலத்தில் பிரபுவும் வேலையாட்களும் ஒரே பெரிய கூடத்தில் சாப்பிட்டார்கள், ஒரே படியில் ஏறி இறங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் இது மாறியது. ரோஜர் பிராட் என்பவர் 1650களில் வடிவமைத்த கோல்ஸ்ஹில் மாளிகையில், நடுவில் அழகான பெரிய படிக்கட்டு ஒன்று. அது போக, கட்டடத்தின் இரண்டு கோடிகளிலும் வேலையாட்களுக்குத் தனித்தனிப் பின்படிகள். தண்ணீர்க் குடம், நிலக்கரி வாளி, கழிவுப் பானை எல்லாம் பின்படி வழியே. பெரிய படியில் வேலையாட்கள் கண்ணில் படவே கூடாது என்பது பிராட்டின் கொள்கை. மாளிகையின் நீளம் முழுக்க நடுவே ஒரு நடைபாதை, அதன் இரு பக்கமும் அறைகள். ஓர் அறைக்குள் புகுந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டிய அவசியம் அங்கே குறைந்தது. கோல்ஸ்ஹில் 1952இல் தீப்பிடித்து, 1958இல் இடிக்கப்பட்டது. இங்கிலாந்து இழந்த வீடுகளில் இதற்காகத்தான் எனக்கு மிக வருத்தம்.

அந்த யோசனை மட்டும் நாடு முழுக்கப் பரவியது. பின்படிக்குப் போகும் கதவில் பச்சைக் கம்பளித் துணி அடித்திருப்பார்கள், சத்தம் முன்பக்கம் வராமலிருக்க. சில அறைகளில் ஜிப் கதவு இருக்கும். அதாவது சுவரோடு சுவராக, அதே வண்ணம், அதே சுவர்த்துணி ஒட்டி, கதவு இருப்பதே தெரியாமல் செய்த கதவு. அதன் வழியே வேலையாள் வந்து கணப்பு மூட்டிவிட்டு மறைந்துவிடுவார்.

சமையலறையை இன்னும் தள்ளி வைத்தார்கள். நெருப்புக்கும் பயம், வாசனைக்கும் பயம். டெர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையில் ஒரு பெவிலியன் முழுக்கச் சமையலுக்கு. இன்னொன்று குடும்பம் அன்றாடம் வசிக்க. நடுவில் உள்ள பிரம்மாண்டக் கட்டடம் விருந்தாளிகளுக்குக் காட்ட. முதலில் நான்கு பெவிலியன்கள் திட்டமிட்டார்கள், இரண்டுதான் கட்ட முடிந்தது. கல்கத்தாவில் 1803இல் கட்டி முடித்த கவர்னர் மாளிகை இதைப் பார்த்து எழுந்ததுதான். அங்கே நான்கு பக்கமும் கட்டிவிட்டார்கள். கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபு பிற்பாடு வைஸ்ராயாகப் போய் தன் வீட்டின் நகலிலேயே குடியிருந்தார்.

இந்தப் பின்படிகளும் பெவிலியன்களும்தான் பிற்காலத்தில் கை கொடுத்தன. ஒவ்வொரு பின்படியும் இன்று ஒரு தனி வாசலாக முடியும். ஒவ்வொரு பெவிலியனும் ஏறக்குறைய ஒரு தனி வீடு. குதிரை லாயம், சலவைக் கட்டு, பீர் காய்ச்சும் கட்டு என்று பின்முற்றத்தைச் சுற்றி இருந்தவையும் அப்படியே.

மாடிகள் சமமாக இல்லை

இன்றைய அடுக்குமாடியில் எல்லா மாடியும் ஒரே உயரம். மாளிகையில் அப்படி இல்லை. தரையிலிருந்து ஒரு தளம் மேலே இருக்கும் முதன்மை மாடிக்கு இத்தாலிய வழக்கப்படி பியானோ நோபிலே என்று பெயர். வரவேற்பறை, இசையறை, பெரிய சாப்பாட்டறை எல்லாம் அங்கே. கூரை உயரம் ஐந்து மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். ஜன்னல்களும் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. அதன் கீழே இருக்கும் அடித்தளத்தில் கிடங்கும் வேலையாட்கள் கூடமும். மேலே அட்டிக் எனப்படும் கூரையடி மாடியில் பிள்ளைகளும் பணிப்பெண்களும். இந்த இரண்டிலும் கூரை தாழ்வு, ஜன்னல் சின்னது. அட்டிக் ஜன்னல் பலவற்றில் எதிரே கைப்பிடிச் சுவர் மறைக்கும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அந்த மாடி இருப்பதே தெரியாது.

இன்னொரு சொல்லும் வேண்டும்: ஆன்ஃபிலாட். வரிசையான அறைகளின் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முதல் அறையில் நின்றால் கடைசி அறையின் ஜன்னல் வரை பார்வை ஓடும். இது வெறும் அழகுக்காக வந்ததில்லை. எத்தனையாவது அறை வரை ஒருவரை உள்ளே விடுகிறார்கள் என்பது அவருடைய அந்தஸ்தைக் காட்டியது. சாமானியருக்கு முதல் அறை, பெரிய மனிதருக்கு மூன்றாவது, மிக நெருக்கமானவருக்குக் கடைசியில் உள்ள சிறிய தனியறை.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துக்கொள்வோம். மாளிகைக்கு முன், பின் என்று இரண்டு போக்குவரத்து உண்டு. மாடிகள் உயரத்திலும் வெளிச்சத்திலும் சமமில்லை. முக்கிய அறைகள் தனித்தனி அறைகளாக இல்லாமல் ஒரு தொடராக இருக்கின்றன.

ஏன் பிரிக்க வேண்டி வந்தது

சுருக்கமாகச் சொன்னால் பணம். 1870களுக்குப் பிறகு அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கியது. விளைபொருள் விலை சரிந்தது, குத்தகை வருமானமும் சரிந்தது. 1894இல் பரம்பரைச் சொத்துக்கு மரணவரி வந்தது. மிகப் பெரிய சொத்துகளுக்கு அது 1919இல் 40 சதவீதம், 1949இல் 80 சதவீதம் ஆனது. இரண்டு உலகப்போர்களுக்குப் பிறகு முப்பது, நாற்பது வேலையாட்கள் வைத்து வீடு நடத்துவது கற்பனையாகிப்போனது. இரண்டாம் போரில் ராணுவம் எடுத்துப் பயன்படுத்திய மாளிகைகள் பல நொந்துபோய்த் திரும்பி வந்தன. 1950களில் இடிப்பு உச்சத்துக்குப் போனது. 1974இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்துபோன மாளிகைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. ஒரு நூற்றாண்டில் போனவை ஆயிரத்துக்கும் மேல் என்று தெரிந்ததும் பொதுமக்கள் அதிர்ந்துபோனார்கள். அடுத்த ஆண்டே 'சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிடேஜ்' என்ற அமைப்பு தொடங்கியது. இடிக்காதே என்று சொல்வதோடு நிற்காமல், இதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று திட்டம் போட்டுக் காட்டுவது அவர்கள் வழி.

அதற்கு முன்பே ஒரு முயற்சி இருந்தது. 1955இல் தொடங்கிய 'மியூச்சுவல் ஹவுஸ்ஹோல்ட்ஸ் அசோசியேஷன்' பல மாளிகைகளை எடுத்து, ஓய்வுபெற்றவர்களுக்குச் சிறு குடியிருப்புகளாக்கியது. பின்னாளில் பெயர் மாறி 2003 வரை நடந்தது. அதன் வீடுகளில் ஒன்று கென்ட்டில் உள்ள கிரேட் மேதம் ஹால். புது டில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், டில்லி வேலைக்கு முன்னால் செய்த வீடு அது.

கிடைவாக்கிலா, நெடுக்குவாக்கிலா

இந்த விஷயத்தின் மையம் இதுதான். ஒரு மாளிகையைப் பிரிக்க இரண்டு வழி உண்டு.

மாடிக்கு ஒரு வீடாகக் கிடைவாக்கில் பிரிப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. நாம் இப்போது பார்த்த மாடி உயரங்களை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஐந்து மீட்டர் உயரக் கூடங்கள் மட்டும் கிடைக்கும். படுக்கையறை என்று சொல்ல ஓர் அறை இருக்காது, குளிர்காலத்தில் சூடேற்றவும் முடியாது. ஒருவருக்கு இருட்டான அடித்தளம். ஒருவருக்குக் கைப்பிடிச் சுவரைப் பார்த்த அட்டிக். பெரிய கூடத்தை வாழத் தக்கதாக்க நடுவே ஒரு தளம் போட்டு இரண்டாக்கினால், அந்தத் தளம் உயரமான ஜன்னலின் குறுக்கே போகும். ராத்திரி விளக்குப் போட்டால் வெளியிலிருந்தே தெரியும், ஜன்னலை ஒரு பட்டை வெட்டுவது.

சத்தம் இன்னொரு தொல்லை. அந்தக் காலத்துத் தளம் மர உத்தரங்களின் மேல் பலகை போட்டது. உத்தரங்களுக்குக் கீழே மெல்லிய மரப் பட்டைகளை அடித்து, அதன்மேல் சுதை பூசி மேற்கூரை செய்திருப்பார்கள். சத்தம் குறைய உத்தரங்களுக்கு நடுவே சாம்பல், மணல், சுண்ணாம்புக் கலவை என்று ஏதாவது நிரப்புவார்கள். அதற்குப் பக்கிங் என்று பெயர். ஒரே குடும்பத்துக்கு அது போதும். மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் என்றால் போதாது. தீயும் அப்படித்தான், மரத் தளத்தின் வழியே சுலபமாக மேலே ஏறும்.

இப்போது சுவர்களைப் பாருங்கள். உள்சுவர்களில் முக்கியமானவை அரை மீட்டருக்கும் மேல் கனமான செங்கல், கல் சுவர்கள். அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நேராக எழும்புபவை. புகைபோக்கிகள் அவற்றுக்குள்தான் ஓடுகின்றன. சத்தத்தையும் தீயையும் தடுக்க இதைவிட நல்ல எல்லை எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காது. அப்படியானால் எல்லையை அந்தச் சுவர்களில் வைத்து, மாளிகையை மேலிருந்து கீழாக நெடுக்குவாக்கில் பிரிக்கலாமே? ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் அடித்தளம், ஓர் உயரமான கூடம், மேலே படுக்கையறைகள், அட்டிக்கில் பிள்ளைகளுக்கு அறை. பின்படி ஒன்று கிடைத்தால் அதுவே அந்த வீட்டின் சொந்தப் படிக்கட்டு. தோட்டத்தைப் பார்த்து ஒரு வாசல். நல்லதும் சுமாரானதும் எல்லாருக்கும் பகிர்ந்து போகிறது.

1970களின் கடைசியிலிருந்து இதை ஒரு முறையாகவே செய்து காட்டியவர் கிட் மார்ட்டின் என்ற கட்டடக் கலைஞர். நார்தாம்ப்டன்ஷயரின் டிங்லி ஹால், நார்ஃபோக்கின் கன்டன் ஹால், ரட்லண்டின் பர்லி ஆன் தி ஹில் ஆகியவை அவர் கைபட்டவை. மிகச் சிறந்த அறைகளை வெட்டாமல் முழுசாக ஒரே வீட்டுக்குள் வைப்பது, ஃபிளாட்டுகளைவிட நெடுக்குவாக்கு வீடுகளாகப் பிரிப்பது, சுற்றியுள்ள பூங்காவைப் பங்கு போடாமல் எல்லாருக்கும் பொதுவாக விடுவது ஆகியவை அவர் முறையின் தூண்கள். கைவிடப்பட்டு இடிப்புக்குக் காத்திருந்த வீடுகளில் இதைச் செய்தார் என்பதால் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எல்லா மாளிகையிலும் முழுக்க நெடுக்குவாக்கில் பிரிக்க முடியாது. நடுவில் ஒரு மகா கூடம் இருந்தால் அதன் மேலே உள்ளவற்றை யாருக்காவது தனி ஃபிளாட்டாகத்தான் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும். ஆனால் ஒரு மாளிகைத் திட்டம் நல்லதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: வீட்டெல்லைகள் கனத்த பழைய சுவர்களின் மேல் விழுகின்றனவா, அல்லது புதிதாக வைத்த மெல்லிய பலகைச் சுவர்களின் மேலா?

சுருக்கம்: மரத் தளம் பலவீனமான எல்லை, கனத்த சுவர் பலமான எல்லை. அதனால்தான் மேலிருந்து கீழாகப் பிரிப்பது பெரும்பாலும் நல்லது.

வார்டர்: ஓர் எடுத்துக்காட்டு

வில்ட்ஷயரில் நியூ வார்டர் கேஸில் என்று ஒரு மாளிகை. பெயரில் கோட்டை இருந்தாலும் மதிலும் கொத்தளமும் கிடையாது; 1640களின் உள்நாட்டுப் போரில் சிதைந்த பழைய கோட்டையின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. சிதைந்த கோட்டை இன்றும் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. புது மாளிகையை அருண்டல் பிரபுக்களுக்காக ஜேம்ஸ் பெய்ன் 1770களில் கட்டினார். கெடில்ஸ்டனில் சில காலம் வேலை பார்த்தவர் அவர். நடுவே பெரிய கட்டடம், வளைந்த இணைப்புகள், இரு பக்கமும் பெவிலியன்கள் என்று இங்கேயும் அதே அமைப்பு.

உள்ளே போனால் வீட்டின் நடுவில் வட்டமான ஒரு படிக்கட்டுக் கூடம். இரண்டு படிவரிசைகள் வட்டச் சுவரை ஒட்டியே இருபுறமும் வளைந்து ஏறி முதன்மை மாடியில் சேர்கின்றன. அங்கே தூண்களின் வளையம், அதற்கு மேலே குவிமாடம், உச்சியிலிருந்து வெளிச்சம். படிக்கற்களின் ஒரு முனை மட்டும் சுவருக்குள் செருகியிருக்கும், மறுமுனைக்குக் கீழே தூண் எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ள கல்லின் விளிம்பில் உட்கார்ந்து பாரத்தை இறக்கிவிடுவதால் நிற்கிறது. பெரிய அறைகள் இந்த வட்டத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

ஒரு பக்கப் பெவிலியனில் கத்தோலிக்கத் தேவாலயம். அருண்டல்கள் கத்தோலிக்கர்கள், அன்றைய சட்டத்தில் வெளிப்படையான கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு இடமில்லை, 1791இல்தான் அது அனுமதிக்கப்பட்டது. எனவே வெளியிலிருந்து பார்த்தால் வீட்டின் ஒரு பகுதி போலவே தெரியும்படி கட்டினார்கள். கடைசி அருண்டல் பிரபு 1944இல் இறந்தார், வாரிசு இல்லை. 1960இலிருந்து 1990 வரை ஒரு பெண்கள் பள்ளி அங்கே நடந்தது. பிறகு மாளிகை அபார்ட்மென்ட்களாயிற்று. தேவாலயம் தனி அறக்கட்டளையின் கையில், இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

இந்த வீட்டைப் பிரிக்க வந்தவருக்குக் கட்டடமே வழி சொல்லியது. தேவாலயம் முதல் நாளிலிருந்தே தனி. பெவிலியன்களும் தனி. முதன்மை மாடியின் பெரிய அறைகள் படிக்கட்டுக் கூடத்தோடு பிணைந்தவை; அவற்றைப் பிய்த்தால் கூடத்துக்கு அர்த்தமில்லை. வட்டக் கூடத்தில் யாரும் சுவர் வைக்கவில்லை. அது முழுசாக நிற்கிறது. 'பில்லி எலியட்' படத்தில் ராயல் பாலே பள்ளியாக வரும் இடம் இதுதான்.

கதவைச் சாத்து, பிடுங்காதே

எல்லையை எங்கே வைப்பது என்று முடிவானதும் அடுத்த கேள்வி: எப்படி வைப்பது? இங்கே ஒரு கொள்கை உண்டு, மீட்கத்தக்க மாற்றம். அதாவது, நாளைக்கு யாராவது நாம் வைத்ததைக் கழற்றினால் பழைய அறை காயமில்லாமல் திரும்ப வர வேண்டும்.

ஆன்ஃபிலாட் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்றால் கதவை மூடத்தான் வேண்டும். மோசமான வழி, கதவைப் பிடுங்கிச் செங்கல் வைத்து அடைப்பது. நல்ல வழியில் கதவு அப்படியே இருக்கும், பூட்டியபடி. சுவர்தான் அரை மீட்டர் கனமாயிற்றே. அந்த ஆழத்துக்குள் தீயையும் சத்தத்தையும் தடுக்கும் ஒரு மறைப்பை வைத்துவிடுவார்கள். இரண்டு அறையிலும் கதவும் நிலையும் தெரியும், அறையின் சமச்சீர் கெடாது.

சமையலறையும் குளியலறையும் வைப்பதுதான் கடினம். பெரிய கூடத்தின் சுவரும் மேற்கூரையும் சேரும் இடத்தில் பூ வேலைப்பாடுள்ள சுதைப் பட்டை ஓடும். அதற்குக் கார்னிஸ் என்று பெயர். அறைக்குள் ஒரு குறுக்குச் சுவர் வைத்தால் கார்னிஸ் பாதியில் அறுந்து நிற்கும், மேற்கூரையின் நடுவில் இருந்த வட்ட அலங்காரம் மூலைக்குப் போய்விடும். அதனால் சிலர் அறைக்குள்ளேயே மேற்கூரையைத் தொடாத தாழ்வான பெட்டி போல ஒன்றைச் செய்து, அதற்குள் குளியலறையை வைக்கிறார்கள். இன்னும் நல்லது, பழைய உடைமாற்றும் அறைகளையும் பின்படிக்கு அருகே உள்ள சின்ன அறைகளையும் இதற்கு எடுத்துக்கொள்வது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியே போகும்? பயன்படாத புகைபோக்கிகள் வழியே. அடித்தளத்திலிருந்து கூரை வரை நேராக, சுவருக்குள்ளேயே, யார் கண்ணிலும் படாமல் ஓடும் வழி முன்பே தயாராக இருக்கிறது.

ஈரம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடுபவை. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பத்துக் குளியலறைகளின் ஆவி சேர்கிறது. அதற்கு மேல் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, மரச் சட்டங்களில் உலர் அழுகல் என்ற பூஞ்சை பிடிக்கும். சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் அறை அறையாகப் பரவும் அது, வெளியே தெரியும்போது நிறையத் தின்றிருக்கும்.

தீயும் இதே மறைவிடங்களில்தான் பரவுகிறது. 2015இல் சர்ரேயின் கிளாண்டன் பார்க் எரிந்தது. தொடங்கியது அடித்தளத்து மின் விநியோகப் பெட்டி ஒன்றில், ஆனால் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் இருந்த இடைவெளிகள் வழியே ஏறிச் சில மணி நேரத்தில் கூரையையே விழுங்கிவிட்டது. பல குடும்பங்கள் இருக்கும் வீட்டில் இந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பதுதான் பிரிப்புச் செலவில் கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி. அழகான பழைய மரக் கதவுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சூட்டில் உப்பிப் பெருகித் தீயைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது.

இதையெல்லாம் அவரவர் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு இங்கிலாந்தில் அரசுப் பட்டியல் உண்டு. முதல் நிலை, இரண்டாம் நிலை நட்சத்திரம், இரண்டாம் நிலை என்று மூன்று படிகள். வார்டர் முதல் நிலை. "இரண்டாம் நிலை என்றால் முகப்பை மட்டும் தொடக்கூடாது, உள்ளே எது வேண்டுமானாலும் செய்யலாம்" என்று பலரும் நம்புகிறார்கள். தவறு. எந்த நிலையானாலும் உள்ளும் புறமும் சேர்ந்தே காப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம்.

எரிந்துபோனவற்றின் கதை வேறு

"உள்ளே எல்லாம் புதுசு" என்பது சில வீடுகளில் உண்மைதான். எசெக்ஸில் உள்ள தார்ண்டன் ஹாலும் ஜேம்ஸ் பெய்ன் கட்டியதுதான். 1878இல் அதன் நடுக்கட்டடம் எரிந்து, வெறும் சுவராக நூறு வருஷம் நின்றது. பிறகு அந்தச் சுவர்களுக்குள் புதிய தளங்கள் போட்டு அபார்ட்மென்ட்களாக்கினார்கள். காப்பாற்ற உள்ளறை எதுவும் மிஞ்சாதபோது இது நியாயமான வழி. நல்ல உள்ளறைகள் இருக்கும் வீட்டில் இதையே செய்வது வேறு விஷயம். அதை நான் ஏற்கவில்லை.

செலவு ஈடுகட்டாதபோது இன்னொரு ஏற்பாடும் உண்டு. வழக்கமாக வீடு கட்ட அனுமதிக்காத பூங்கா நிலத்தின் ஒரு மூலையில் சில புதிய வீடுகளைக் கட்டி விற்க அனுமதிப்பார்கள், அந்தப் பணம் மாளிகையின் பழுதுபார்ப்புக்கே போக வேண்டும் என்ற கட்டாயத்தோடு. இதற்கு எனேபிளிங் டெவலப்மென்ட் என்று பெயர். மூலை எவ்வளவு பெரியது என்பதில் ஒவ்வொரு ஊரிலும் சண்டை நடக்கும்.

கூரை யாருடையது?

நெடுக்குவாக்கில் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் தன் தலைக்கு மேல் ஒரு துண்டுக் கூரை வருகிறது. அவரவர் துண்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று தோன்றும். ஆனால் மாளிகைக் கூரை ஈயத் தகடு போட்ட பள்ளங்களும் காடிகளும் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே அமைப்பு. ஒருவர் துண்டில் காடி அடைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டில் ஒழுகும்.

ஆங்கிலச் சட்டம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. சாமர்செட்டில் ஒரு வீட்டை 1960இல் இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை விற்றார்கள். விற்றவர் வீட்டுக் கூரையின் ஒரு பகுதி வாங்கியவர் படுக்கையறைக்கு மேலே இருந்தது. அதை ஒழுகாமல் வைத்திருப்பதாக விற்றவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். பிறகு இரண்டும் கை மாறின, கூரை ஒழுகியது, வழக்கு அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1994இல் தீர்ப்பு: முழு உரிமையாக விற்ற நிலத்தில், பணம் செலவழித்து ஒன்றைச் செய்வேன் என்ற வாக்குறுதி அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது.

இதனால்தான் இங்கிலாந்தில் மாளிகை வீடுகள் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையாக விற்கப்படுகின்றன, 125 வருஷம், 999 வருஷம் என்று. குத்தகையில் எழுதிய கடமை அடுத்தவருக்கும் சேர்ந்தே போகும். கூரை, வெளிச்சுவர், பொதுப் படிக்கட்டு, பூங்கா எல்லாம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பல இடங்களில் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் குடியிருப்பவர்களேதான். அது வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சர்வீஸ் சார்ஜ் என்று பெயர். அதே பத்திரத்தில்தான் ஜன்னல் நிறத்தை மாற்றக்கூடாது, புல்வெளியில் வேலி போடக்கூடாது, முகப்புப் பக்கம் துணி காயப்போடக்கூடாது என்பவையும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பத்துக் குடும்பங்களின் வீடு ஒரே வீடாகத் தெரிவது இந்த விதிகளால்தான்.

ஆகவே இப்படி ஒரு வீட்டை விலைக்குக் கேட்கிறவர் கார்னிஸைப் பார்ப்பதற்கு முன்னால் நான்கு காகிதங்களைக் கேட்க வேண்டும்: குத்தகைப் பத்திரம், கடந்த சில ஆண்டுகளின் சர்வீஸ் சார்ஜ் கணக்கு, பெரிய பழுதுக்கு ஒதுக்கிய சேமிப்பு எவ்வளவு என்ற விவரம், கூரையைக் கடைசியாக ஆய்வு செய்த அறிக்கை. தரைத்தளத்தில் வாங்கினாலும் ஈயக் கூரையின் செலவில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.